நாடு கடத்தும் தாலாட்டு

மகாராணி ஆடினாள். அதுதான் பிரச்சினை.

நடனம் என்று நினைத்துவிடாதீர்கள். நின்ற இடத்தை விட்டு நகராமல் வலப்பக்கம் கொஞ்சம், இடப்பக்கம் கொஞ்சம், மறுபடி வலப்பக்கம். கைக்குழந்தையைத் தோளில் போட்டுத் தூங்கவைத்தவர்களுக்கு இந்த ஆட்டத்தை விளக்க வேண்டியதே இல்லை. பிள்ளை இறங்கி ஓடப் பழகிய பிறகும் இடுப்பு மட்டும் பழசை மறக்காது. பேருந்துக்குக் காத்திருக்கும்போது ஆடும், மருந்துக் கடை வரிசையில் ஆடும். அங்கெல்லாம் ஆடினால் யார் கேட்கப் போகிறார்கள்? இவள் ஆடியது அரியணைக்கு முன்னால், பெற்ற மகனை நாடு கடத்தும் காட்சியில்.

"நிறுத்துங்க, நிறுத்துங்க!" என்று இயக்குநர் கத்தினார். "மகாராணி கோட்டையில நிக்கிறாங்களா, கப்பல்ல நிக்கிறாங்களா?"

ஒத்திகைக் கூடமே சிரித்தது. மகாராணியும் சேர்ந்து சிரித்தாள். உள்ளுக்குள் பயம் இருக்கும்போது முகத்தில் சிரிப்பை வரவழைக்கத் தெரியாவிட்டால் அப்புறம் அவள் என்ன நடிகை?

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டுதான். ஆனால் நாடகக் குழுவில் சேர்ந்த புதிதில் கட்டிய ராணி வேஷம் அப்படியே ஒட்டிக்கொண்டது. டீ கொண்டு வருகிறவர் முதற்கொண்டு எல்லோருக்கும் அவள் மகாராணி. நடுவில் கல்யாணம் ஆனது, பையன் பிறந்தான், அவன் பேசக் கற்றுக்கொள்ளும்வரை மேடைப் பக்கமே வரவில்லை. இப்போதுதான் திரும்பி வந்திருக்கிறாள். வந்த வேகத்தில் கிடைத்தது நாடகத்தின் தலைமை வேஷம். கோட்டைக் கதவை எதிரிக்குத் திறந்துவிட்ட இளவரசனை, தாய் என்றும் பாராமல் தண்டிக்கும் ராணி. இந்த வேஷத்துக்கு எந்த நடிகை ஆசைப்பட மாட்டாள்?

இயக்குநருக்கு முதுகுக்குப் பின்னால் 'இடி' என்று பெயர். எந்த வசனத்தைச் சொன்னாலும், "பத்தல, இடி இறங்கணும்!" என்பார். நாடகத்தை எழுதியவரும் அவரே. அதனால் இரண்டு மடங்கு தொல்லை. "நான் எழுதினதுல ஒரு எழுத்து மாறக்கூடாது. கமா இருந்தா கமாவையும் நடிக்கணும்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். கமாவை எப்படி ஐயா நடிப்பது என்று கேட்க ஒருவருக்கும் துணிச்சல் இல்லை.

ஒத்திகை நடந்தது ஒரு மரச்சாமான் கிடங்கின் மாடியில். எந்நேரமும் வார்னிஷ் வாசனை. கீழே விற்காமல் கிடந்த பெரிய நாற்காலிதான் அரியணை. யாராவது வாங்க வந்துவிட்டால் இறக்கிக் கொடுத்துவிட வேண்டும் என்பது பேச்சு. ஒருமுறை மந்திராலோசனை நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு தம்பதி மேலே ஏறி வந்து அரியணையை அமுக்கிப் பார்த்துவிட்டுப் போனார்கள். இடி அன்றைக்கே அரியணையின் விலைச்சீட்டைப் பிய்த்து எறிந்தார்.

"ஆடுறது மட்டுமில்ல சார்" என்று இளவரசன் வேஷக்காரன் வேறு போட்டுக்கொடுத்தான். நல்ல பையன்தான், தாடியும் தோளுமாக ஆறடி வளர்ந்தவன், வாயில் மட்டும் எதுவும் தங்காது. "முதல் காட்சியில கட்டிப்பிடிக்கிற இடத்துல முதுகுல தட்டுறாங்க. அக்கா, தப்பா நினைக்காதீங்க, சத்தியமா எனக்குத் தூக்கம் வருது."

இடி எழுந்து வந்தார். கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"ஏம்மா, வெள்ளிக்கிழமை முழு ஒத்திகை. நாடகம் போட இடம் கொடுக்கிற தியேட்டர்க்காரங்க பார்க்க வர்றாங்க. அன்னைக்கும் இப்படி ஆடினீங்கன்னா, தோழியா நடிக்கிறவளை ராணியாக்கிடுவேன். அவளுக்கு உங்க வசனம் பூரா மனப்பாடம். உங்க மேல எனக்குக் கோபம் கிடையாது. ராணி உடைக்கு யார் அளவைக் கொடுக்கிறதுன்னு தையல்காரர் கேட்டுக்கிட்டே இருக்கார், நானும் பதில் சொல்லணுமில்ல?"

தோழி வேஷக்காரி தலையைக் குனிந்துகொண்டாள். சந்தோஷமும் சங்கடமும் ஒரே முகத்தில் அடித்துப் பிடித்துக்கொண்டு வந்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. "அக்கா, நான் எதுவும் கேட்கல" என்றாள் மெதுவாக. "தெரியும்டி" என்றாள் மகாராணி. அவள் இடத்தில் இருந்தால் இவளும்தான் ஆசைப்பட்டிருப்பாள்.

படியிறங்கித் தெருவுக்கு வந்தாள். இந்த ஆட்டம் எப்படி வந்தது என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். பிள்ளை பிறப்பதற்கு முன்னால் வசனம் மனப்பாடம் செய்வது என்றால் அது ஒரு தவம். விடியற்காலை மொட்டை மாடி, கையில் வெந்நீர், கண்ணாடி முன்னால் ஒரு மணி நேரம், யாரும் கூப்பிடக்கூடாது. இப்போது கண்ணாடி முன்னால் ஒரு நிமிஷம் நின்றால், காலடியில் யாரோ பவுடர் டப்பாவைக் கவிழ்த்திருப்பார்கள். அதனால் முதல் காட்சியைப் பாத்திரம் தேய்த்துக்கொண்டே படித்தாள். சபைக் காட்சியைத் துணி மடித்துக்கொண்டே படித்தாள். நாடு கடத்தும் வசனத்தைப் பிள்ளையைத் தோளில் போட்டு மத்தியானத் தூக்கத்துக்குத் தட்டிக்கொண்டே படித்தாள். வசனம் கையோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. கூடத்தில் வெறுங்கையோடு நிறுத்தினால் வார்த்தை வருவதற்கு அடம்பிடிக்கிறது. அதை இழுத்து வர உடம்பு தானாக ஆடுகிறது.

'பிள்ளை பெத்ததுல நடிப்பு போயிடுச்சோ?' இந்தக் கேள்வி தெருமுனை திரும்பும்வரை கூடவே வந்தது.

போகவில்லை என்று சாட்சி சொல்லவும் ஆள் இருந்தது. சபைக் காட்சியில் ராணி கொதித்துக் கத்திக்கொண்டிருப்பாள்; நடுவில் ஜன்னல் பக்கம் எதையோ பார்த்து ஒரு கணம் கோபத்தையே மறந்து, பிறகு திடுக்கிட்டு மறுபடி கோபத்துக்குத் திரும்புவாள். அதைப் பார்த்து இடியே, "இது நல்லாயிருக்கே, எங்க புடிச்சீங்க?" என்று வியந்தார். எங்கே பிடிப்பாள்? வீட்டில்தான். பிஸ்கட் உடைந்துவிட்டதென்று தரையில் புரண்டு அழுத பையன், பாதி அழுகையில் சுவரில் ஓர் எறும்பைப் பார்த்துவிட்டு வாயைப் பிளந்து நின்றான். ஏன் அழுதோம் என்று யோசித்துப் பார்த்து, ஞாபகம் வந்ததும் மறுபடி விழுந்து புரண்டான். எந்தப் பயிற்சிப் பட்டறையிலும் இப்படி ஒரு பாடம் நடத்தியதில்லை. மகாராணி அதைக் கூச்சமே இல்லாமல் திருடிக்கொண்டாள்.

இன்னொன்றும் உண்டு. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, சொன்னால் கண் பட்டுவிடும் என்று பயம். காலையில் கூடத்தின் படியேறும்போது தோளில் பை இல்லை, கையில் பால் புட்டி இல்லை, உடம்பே லேசாகி, இரண்டிரண்டு படியாக ஏறுவாள். அப்படியொரு சந்தோஷம். மத்தியானம் குழந்தைகள் காப்பகத்தின் கேட்டருகே போய் நின்றதும், ஒரு செருப்பை மாட்டி ஒரு செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அவன் ஓடி வருவான். அப்போதும் அதே சந்தோஷம். ஒரு மனுஷிக்கு ஒரே நாளில் இரண்டு பக்கமும் இவ்வளவு கிடைப்பது அநியாயம் என்றுகூடத் தோன்றும். இப்போது அதில் ஒரு பக்கம் கைநழுவப் பார்க்கிறது.

அன்று மத்தியானம் பையனோடு வீடு திரும்பியதும் நடந்ததைச் சொன்னாள். "ஒத்திகைக்குச் சாயங்காலம்வரை காத்திருக்க வேண்டாம், இப்பவே ஆரம்பிப்போம்" என்றார் கணவர், சாப்பிட வீட்டுக்கு வந்தவர். மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பது அவர் வேலை. வீட்டு ஒத்திகையில் இளவரசன் அவர்தான். என்ன ஒரு இளவரசன்! "தாயே. நான். செய்தது. பிழை" என்று, கடைசி வரிசை எழுத்துவரை வாடிக்கையாளரைப் படிக்கவைக்கிற அதே குரலில் வாசிப்பார். அடுத்து 'இந்தக் கண்ணாடியில தெளிவா இருக்கா, அதுலயா?' என்று கேட்டுவிடுவாரோ என்று இருக்கும்.

அவளைச் சுவரோடு சாய்த்து நிறுத்தினார். "குதிகால், முதுகு, தலை, மூணும் சுவர்ல ஒட்டியிருக்கணும். இப்பச் சொல்லு."

அவள் தொடங்கினாள். "நீதி என் வயிற்றில் பிறக்கவில்லை, நீ பிறந்தாய். ஆயினும், இந்த அரியணையின் முன் நிற்கும்வரை..."

"ஆடறே."

"ஆடலை!"

"சுவத்துல சுண்ணாம்பு உதிருது, பாரு."

இரண்டு பேரும் சிரித்துச் சிரித்து உட்கார்ந்துவிட்டார்கள். வசனச் சத்தம் கேட்டதும் உள்ளே விளையாடிக்கொண்டிருந்த பையன் ஓடி வந்தான். கொட்டாவி விட்டபடி இரண்டு கையையும் தூக்கினான்.

"அம்மா, நாடு கடத்து!"

ஆமாம், நீங்கள் படித்தது சரிதான். ஊரில் மற்ற பிள்ளைகள் பாட்டுக் கேட்டுத் தூங்கும். இந்த வீட்டுப் பிள்ளைக்கு நாடு கடத்தினால்தான் தூக்கம் வரும். மாதக்கணக்கில் அதே வசனத்தைக் கேட்டுத் தூங்கிப் பழகிவிட்டான். நிலாப் பாட்டு, யானைப் பாட்டு எல்லாம் பாடிப் பார்த்தாயிற்று, எதுவும் எடுபடவில்லை. காப்பகத்தில் ஒருநாள் தூக்கம் வந்து, "என்னை நாடு கடத்துங்க" என்று அழுதிருக்கிறான். ஆயா பதறிப் போய் வீட்டுக்குப் போன் செய்துவிட்டார்.

"இன்னைக்கு அம்மா ஆடாம சொல்றேன், சரியா?" என்று அவனைத் தோளில் சாய்த்து, கல் மாதிரி நின்று சொன்னாள். "இன்றோடு இந்த மண்ணின் எல்லை உனக்கு மூடியது..."

பையன் தலையைத் தூக்கி அவள் முகத்தை உற்றுப் பார்த்தான். தோளில் ஓங்கி ஓர் அடி. "ஆடு!"

ஆடாமல் என்ன செய்வாள்? ஆடினாள், முதுகில் தட்டினாள். 'எந்தக் கிணறும் உனக்குத் தண்ணீர் தராது' என்பதற்குள் தலை தோளில் பாரமாக விழுந்துவிட்டது. கடைசி வாக்கியம் இன்னும் மிச்சம் இருந்தது. 'எந்தக் கதவும் உனக்குத் திறவாது. போ!' அந்த ஒற்றை எழுத்தில்தான் இடிக்கு இடி இறங்க வேண்டும். ஆனால் அதை அவள் இதுவரை ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. தூங்கின பிள்ளையின் காதோரம் 'போ!' என்று எந்தத் தாய் கத்துவாள்? கூடத்திலோ அந்த இடம் வருவதற்கு முன்பே 'நிறுத்துங்க' வந்துவிடும். கடைசிச் சொல் சொல்லப்படாமலே கிடந்தது. அதைப் பற்றி யாரும் கவலைப்படவும் இல்லை. எல்லோர் கண்ணும் அவள் இடுப்பில்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. கூடத்தில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். தியேட்டர்க்காரர்கள் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார்கள். இடி சட்டையை இஸ்திரி போட்டு வந்திருந்தார், அதைப் பார்த்தே எல்லோரும் வசனத்தாளை இன்னொரு முறை புரட்டினார்கள்.

"அக்கா, செருப்புக்குள்ள கால் விரலை இறுக்கி மடக்கிக்கோங்க. உடம்பு ஆடாது" என்று தோழி காதில் சொன்னாள். பாருங்கள், வேஷம் தன் கைக்கு வருமா என்று காத்திருக்கிறவள் சொன்னது இது. மகாராணி அவள் கன்னத்தைக் கிள்ளிவிட்டு மேடையேறினாள்.

விரலை மடக்கினாள். கையைப் பின்னால் கோத்துக்கொண்டாள். முதல் காட்சியில் அசையவில்லை. சபைக் காட்சியில் அசையவில்லை. ஒரு வார்த்தை தவறவில்லை, கமாக்கள் எல்லாம் இருக்கிற இடத்தில் இருந்தன. இடி தலையை ஆட்டிக்கொண்டார். தியேட்டர்க்காரர்கள் மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த மரியாதைதான் அவளைக் கொன்றது. ஒரு நடிகைக்குத் தெரியாதா, எதிரே இருப்பவர்கள் எப்போது மூச்சை மறக்கிறார்கள், எப்போது பல்லிடுக்கை நாக்கால் துழாவுகிறார்கள் என்று? வசனம் வந்தது. மகாராணி வரவில்லை. அங்கே நின்றது ஒரு கம்பம். இதற்குத் தோழியே நடித்துவிட்டுப் போகலாமே என்று அவளுக்கே தோன்றிவிட்டது.

நாடு கடத்தும் காட்சி. இளவரசன் வந்து மண்டியிட்டான். எழுந்து நின்றான். அவன் தோளில் போட்டிருந்த போர்வையின் முடிச்சு அவிழ்ந்து ஒரு பக்கமாகச் சரிந்து தரையைத் தொட்டது. கவனிக்காமல் நடந்தால் கால் தடுக்கி விழுவான்.

எழுதியிருந்தபடி ராணி எட்டத்தில் நிற்க வேண்டும். மகாராணி ஒரு கணம் நின்றாள். அப்புறம் முடியவில்லை. துணி நழுவி நிற்கும் ஒரு பிள்ளையைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க அந்தக் கைகளுக்குத் தெரியாது. விடுவிடுவென்று போய், போர்வையை இழுத்து, தோளில் ஏற்றி, முடிச்சைப் போட ஆரம்பித்தாள்.

கைக்கு வேலை கிடைத்துவிட்டது. வார்த்தைகள் கிளம்பி வந்தன.

"நீதி என் வயிற்றில் பிறக்கவில்லை, நீ பிறந்தாய்." முடிச்சைப் பார்த்தபடியே சொன்னாள். "ஆயினும், இந்த அரியணையின் முன் நிற்கும்வரை நான் உன் தாயல்லேன்." முடிச்சை இறுக்கினாள். இடுப்பு ஆடியது. அவளுக்கே தெரிந்தது, நிறுத்தவில்லை. கை அவன் முதுகைத் தட்டியது, அதையும் நிறுத்தவில்லை. போனால் போகட்டும், இன்றைக்கு இந்தப் பிள்ளையை அனுப்பியே ஆகவேண்டும், அனுப்பும்வரை தட்டிக்கொண்டாவது இருக்கிறேன் என்று இருந்தது அவளுக்கு. "இன்றோடு இந்த மண்ணின் எல்லை உனக்கு மூடியது. எந்தக் கிணறும் உனக்குத் தண்ணீர் தராது."

யாரும் சிரிக்கவில்லை. 'நிறுத்துங்க' என்று ஒரு குரலும் வரவில்லை. முதல் வரிசையில் ஒருவர் கையை வாய்க்குப் பாதி தூரம் கொண்டுபோனவர் அங்கேயே வைத்திருந்தார்.

"எந்தக் கதவும் உனக்குத் திறவாது."

இளவரசன் அவள் கையிலிருந்து விலகி வாசலை நோக்கி நடந்தான். ஆறடி உயரம், முடிச்சுப் போட்ட போர்வை, குனிந்த தலை. இனி ஒரே ஓர் எழுத்துதான் பாக்கி. அவள் வாயைத் திறந்தாள். உள்ளே அந்த எழுத்து இல்லை. அதைத்தான் அவள் எந்த மத்தியானத்திலும் சொல்லிப் பழகவில்லையே. பிள்ளை நடந்து வாசலருகே போய்விட்டான். வாசல் தாண்டுகிறவனை ஒன்றும் சொல்லாமல் அனுப்ப முடியுமா? வாய் தன்பாட்டில் சொன்னது.

"போயிட்டு வா."

செந்தமிழில்கூட இல்லை. மகுடம் வைத்த ராணி, என்றென்றைக்கும் துரத்திவிட்ட மகனைப் பார்த்து, பால் வாங்க அனுப்புகிறவள் போலச் சொல்லிவிட்டாள்.

எழுதியிருந்தபடி இளவரசன் திரும்பிப் பார்க்காமல் போக வேண்டும். அவன் நின்றான். திரும்பினான். தாடி நடுங்கியது.

"வரேம்மா" என்றான். வெளியே போய்விட்டான்.

அப்போதுதான் மகாராணிக்குத் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்பதே உறைத்தது. ஓர் எழுத்து மாறக்கூடாது என்றவருக்கு முன்னால், நாடகத்தின் உயிரான இடத்தில், மொத்த வரியையும் மாற்றியாயிற்று. ஆட்டம், தட்டல் எல்லாம் கூடச் சேர்ந்து. வேஷம் போயிற்று, போயே போயிற்று.

"சாரி சார்" என்றாள். "வரி மாறிப்போச்சு. மறுபடி சொல்றேன், ஒரே ஒரு தடவை..."

இடி எழுந்தார். கண்ணாடியைக் கழற்றி, இஸ்திரி போட்ட சட்டையின் நுனியை உருவி, அதில் துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றித் துடைத்தார்.

"எத்தனை மாசமா அந்த 'போ'வுக்கு ஒரு இடி தேடிக்கிட்டிருந்தேன்" என்றார். "மறுபடியெல்லாம் வேண்டாம்மா. சொன்னது சொன்னபடி இருக்கட்டும்."

"ஒரு எழுத்து மாறக்கூடாதுன்னு..."

"எழுதினவன் நானா, நீங்களா?"

"அப்போ... ஆடினது?"

"என்ன ஆட்டம்? நான் எதையும் பார்க்கல. யாராவது பார்த்தீங்களா?" என்று கூடத்தைச் சுற்றிப் பார்த்து முறைத்தார். தியேட்டர்க்காரர்கள் உட்பட எல்லோரும் தலையை இல்லை என்று ஆட்டினார்கள். "தையல்காரர் கீழ காத்துக்கிட்டிருக்கார். ஒத்திகை முடிஞ்சதும் போய் ராணி அளவைக் கொடுத்துட்டு வீட்டுக்குப் போங்க. போர்வையைத் தூக்கிக் கட்டவும் குனியவும் வசதியா தைக்கச் சொல்லுங்க."

தோழி ஓடி வந்து கட்டிக்கொண்டாள். "பாவி அக்கா, என் கண் மையெல்லாம் போச்சு" என்று சிரித்துக்கொண்டே அழுதாள். கைக்கு வர இருந்த வேஷம் போனதற்கும் சேர்த்து அழுதாளோ என்னவோ, ஆனால் கட்டிக்கொண்டது மெய்யாகவே இறுக்கமாக இருந்தது. மகாராணிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தாள். இவ்வளவு சந்தோஷத்தை வைத்துக்கொண்டு அடுத்த காட்சியில் எப்படிச் சோகமாக உட்காரப் போகிறோம் என்று மட்டும் ஒரு கவலை வந்தது.

"சரி சரி, போதும், நாடகம் பாதியில நிக்குது!" என்று இடி கையைத் தட்டினார். "அடுத்த காட்சி. எல்லாரும் இடத்துக்குப் போங்க. எங்க இளவரசன்?"

தோழி கதவுக்கு வெளியே எட்டிப் பார்த்தாள்.

"மாடிப்படியில உட்கார்ந்திருக்கான் சார். போர்வையால மூக்கைச் சிந்திக்கிட்டு. கூப்பிடவா?"

"வேண்டாம், விடு" என்றார் இடி. "அவனே வருவான். வரேன்னு சொல்லிட்டுத்தானே போயிருக்கான்."